மைதானத்தை மூடிவிட்டு வீரர்களைத் தேடாதீர்கள்: கனடாவில் வாழும் எங்கள் ஊர் ஒன்றியத்துக்கு ஒரு திறந்த மடல்

ஒன்றியத்தின் நிர்வாகக் குழுவினருக்கும், மாதச் சந்தா கொடுக்கும் ஊரவர் அனைவருக்கும்,

சென்ற மாதம் நீங்கள் அனுப்பிய தீர்மானத்தை விளையாட்டுக் கழகச் செயலாளர் எல்லோர் முன்னிலையிலும் வாசித்தார். ஊர் மைதானத்தின் பராமரிப்புக்கு இதுவரை கொடுத்துவந்த பணம் வரும் தை மாதத்தோடு நிற்கும். அந்தப் பணம் மட்டக்களப்பு வாவிக்கு அப்பால், கிழக்குக் கரையான எழுவான்கரையில் பிரதான வீதியோரம் அமையவிருக்கும் சிறப்புப் பயிற்சி நிலையத்துக்குப் போகும். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட முப்பது பிள்ளைகள் ஒரே நாள் தேர்வில் தெரிவாவார்கள். பெற்றோர் மாதாமாதம் கட்டணம் கட்ட வேண்டும். மைதானத்தின் வடக்குப் பாதியில் ஒரு மண்டபமும், வெளிநாட்டிலிருந்து வருவோர் தங்குவதற்கான அறைகளும் எழும். இத்தனையையும் ஊரில் ஒருவரிடமும் கேட்காமல் முடிவு செய்திருக்கிறீர்கள். அத்திவாரத்துக்கு முளையும் அடித்தாயிற்று.

உங்கள் பணத்தை எங்கே செலவழிப்பது என்பது உங்கள் உரிமை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மைதானம் உங்கள் பணம் அல்ல. அதைவிட என்னை எழுத வைத்தது தீர்மானத்தில் நீங்கள் சொல்லியிருக்கும் காரணம். கனடாவில் தொழில்முறை ஐஸ் ஹொக்கி வீரர்கள் எப்படி உருவாகிறார்கள் என்பதை நேரில் கண்டவர்கள் என்ற வகையில் அந்த முறையையே இங்கும் கொண்டுவருவதாக எழுதியிருக்கிறீர்கள். சிறு வயதிலேயே திறமைசாலிகளைப் பொறுக்கியெடுத்து, ஒரே இடத்தில் சேர்த்து, பணம் கட்டிப் பழக்குவதுதான் அந்த முறை என்கிறீர்கள்.

நானும் அந்த நாட்டில் இருந்தேன். ஸ்காபரோவில் ஒரு ஐஸ் அரங்கில் இரவு வேலை செய்தவன் நான். பார்வையாளர் வாங்குகளைக் கூட்டினேன், உடைமாற்றும் அறைகளைக் கழுவினேன், பிறகு சம்போனி வண்டியும் ஓட்டினேன். கீறிக் கிழிந்த பனியின் மேற்பரப்பைச் சீவிவிட்டு அதன்மேல் வெந்நீரை மெல்லிய படலமாக விட்டுக்கொண்டே போக வேண்டும். வெந்நீர் பழைய பனியைச் சற்று உருக்கி அதனோடு ஒட்டி உறையும். தளம் கண்ணாடிபோல் ஆகும். விடிகாலையில், வெளியே இன்னும் இருட்டாக இருக்கும்போது, தங்களைவிடப் பெரிய பைகளை இழுத்துக்கொண்டு பிள்ளைகள் வருவார்கள். அவர்களில் எத்தனை பேர் அடுத்த குளிர்காலத்துக்கு வந்தார்கள், எத்தனை பேர் வராமல் போனார்கள், ஏன் வராமல் போனார்கள் என்பதையெல்லாம் அரங்கில் வேலை செய்பவர்கள் அறிவார்கள். அங்கே நான் கண்டதற்கும் நீங்கள் எழுதியிருப்பதற்கும் பொருத்தம் இல்லை.

அந்த விளையாட்டின் பெரிய பெயர்கள் எந்த ஊர்களிலிருந்து வந்தன என்று பாருங்கள். கோர்டி ஹாவ் பிறந்தது சஸ்கச்சுவானில் ஃபுளோரல் என்ற, வரைபடத்தில் தேடினாலும் கிடைக்காத கிராமத்தில். பொபி ஓர் ஒன்ராறியோவின் பரி சவுண்ட் என்ற ஏரிக்கரைச் சிற்றூர்க்காரர். உறைந்த ஆற்றில் சறுக்கிப் பழகியவர். வெய்ன் கிரெட்ஸ்கி பிரான்ட்ஃபோர்ட்காரர். அவருடைய தந்தை வீட்டுக் கொல்லையில் தண்ணீர் பாய்ச்சி உறையவைத்த தளத்தில் மணிக்கணக்காக விளையாடியவர். பெண்கள் ஹொக்கியில் உலகம் கொண்டாடும் ஹெய்லி விக்கன்ஹைசர் சஸ்கச்சுவானின் ஷோனவன் என்ற சிற்றூரில் பிறந்தவர். அல்பேர்ட்டாவில் வைக்கிங் என்று ஓர் ஊர். ஆயிரம் பேர் அளவில்தான் மக்கள். அங்கே விவசாயக் குடும்பமொன்றில் பிறந்த சட்டர் சகோதரர்கள் ஆறு பேர் என்.எச்.எல். எனப்படும் தேசிய ஹொக்கி லீக்கில் ஆடினார்கள். ஒரே வீட்டில் ஆறு பேர்! அவர்களை யாரும் ஒரே நாள் தேர்வு வைத்துப் பொறுக்கவில்லை.

இதெல்லாம் பழங்கதை, இப்போது காலம் மாறிவிட்டது என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். சரி, சுவீடனுக்கு வாருங்கள். அந்த நாட்டின் வடபகுதிக் கடலோரத்தில் ஓர்ன்ஷோல்ட்ஸ்விக் என்ற நகரம் இருக்கிறது. முப்பதாயிரம் பேர் அளவில் வாழும், மரக்கூழும் காகிதமும் செய்து பிழைத்த ஊர். மூடூ என்ற அதன் கழகம் தன் பெயரையே அந்தத் தொழில் நிறுவனத்திடமிருந்து பெற்றது. பீட்டர் ஃபோர்ஸ்பெர்க், மார்க்கஸ் நெஸ்லுண்ட், இரட்டையரான ஹென்ரிக் செடின், டேனியல் செடின், பிறகு விக்டர் ஹெட்மன் ஆகிய ஐந்து பேரும் அந்த ஒரே ஊரின் பிள்ளைகள். என்.எச்.எல். அணிகள் வருடந்தோறும் இளம் வீரர்களை வரிசையாக எடுக்கும் தெரிவில், செடின் சகோதரர்கள் 1999ஆம் ஆண்டு இரண்டாம், மூன்றாம் இடங்களில் எடுக்கப்பட்டார்கள். ஹெட்மன் 2009இல் இரண்டாம் இடத்தில். எங்கள் கல்முனையைவிடச் சிறிய ஊர் அது.

ஒன்ராறியோவின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் கோட்டேயும் அவருடைய சகாக்களும் 2006இல் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஐந்து இலட்சத்துக்கும் மேல் மக்கள் வாழும் பெருநகரங்களிலிருந்து, அவற்றின் மக்கள்தொகைக்குரிய அளவுக்கு வீரர்கள் வரவில்லை. அதைவிடச் சிறிய நகரங்களும் ஊர்களும் தங்கள் பங்குக்கு மேல் வீரர்களைக் கொடுத்திருந்தன. ரொறன்ரோவைச் சுற்றியும் ஏராளமான வீரர்கள் வருகிறார்களே என்று நீங்கள் கேட்பீர்கள். வருகிறார்கள்தான். பல இலட்சம் பேர் வாழும் இடம் அது. ஆனால் அங்கேயும் பேட்டைக்குப் பேட்டை அரங்கு இருக்கிறது. குளிர்காலத்தில் நகரசபை திறந்தவெளிப் பனித்தளங்களை இலவசமாகத் திறந்து வைக்கிறது. கனடா தன் நூற்றாண்டைக் கொண்டாடிய 1967இல் ஊர்கள்தோறும் நினைவுச் சின்னமாக எதைக் கட்டினார்கள்? பல ஊர்கள் ஐஸ் அரங்கைக் கட்டின. இன்றும் நாடு முழுவதும் எத்தனையோ அரங்குகள் சென்டெனியல் என்ற பெயரோடு நிற்கின்றன. அவற்றைத் தாண்டித்தான் நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள்.

குளிர் இருப்பதால்தான் அங்கே வீரர்கள் வருகிறார்கள், ஊர் மைதானத்தோடு இதை ஒப்பிடுவது எப்படிப் பொருந்தும் என்று இணையவழிக் கூட்டத்தில் உங்களில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். நியாயமான கேள்வி, எனவே பதில் சொல்கிறேன். லீக்கில் ஆறே அணிகள் இருந்த 1960களின் முற்பகுதியில் கிட்டத்தட்ட எல்லா வீரர்களும் கனேடியர்கள். இன்று முப்பத்திரண்டு அணிகள். கனேடியர்கள் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கு வந்துவிட்டார்கள், கால்பங்குக்கும் மேல் அமெரிக்கர்கள். இடையில் கனடாவின் குளிர் குறைந்துவிடவில்லை. மற்ற நாடுகளில் தளங்கள் கூடின. மங்கோலியாவின் குளிரை நீங்கள் அறிவீர்கள். அங்கிருந்து இந்த லீக்குக்கு ஆட்கள் வரவில்லை.

இதற்கு மாறாக, ஒஸ்டன் மத்தியூஸ் எங்கே வளர்ந்தார்? நீங்கள் எல்லோரும் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு ஆதரிக்கும் ரொறன்ரோவின் மேப்பிள் லீஃப்ஸ் அணி 2016இல் எல்லோருக்கும் முதலாவதாகத் தெரிவு செய்த அந்தப் பிள்ளை வளர்ந்தது அரிசோனாவில், ஸ்கொட்ஸ்டேலில். கள்ளிச்செடி முளைக்கும் பாலைவனம். கோடையில் எங்கள் சித்திரை வெயிலே தோற்றுப்போகும் இடம். 1996இல் வினிபெக் அணி பீனிக்ஸுக்கு இடம்பெயர்ந்து வந்தது. அதனோடு அந்தப் பகுதியில் சிறுவர்களுக்கான ஹொக்கியும் வளர்ந்தது. வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில் ஒரு தளம் கிடைத்ததால் பாலைவனத்துப் பிள்ளை பனியில் சறுக்கினான். கொங்கிரீட்டுக்குள் குழாய் பதித்து, குளிரூட்டிய உப்புநீரை ஓடவிட்டால் எந்த ஊரிலும் பனி உறையும். குளிர் இயற்கையின் கொடை என்றாலும், தளம் மனிதர்கள் எடுக்கும் முடிவு.

ஸ்லொவேனியாவையும் சொல்லிவிடுகிறேன். இருபது இலட்சம் மக்கள் வாழும் நாடு, விரல்விட்டு எண்ணக்கூடிய அரங்குகள். யெசெனிட்சே என்ற இரும்பாலை நகரத்தில் ஒரு கழகம் இருந்தது. அதன் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தார் அன்ஷே கொப்பிட்டார். அவருடைய தந்தையும் கொல்லையில் தளம் அமைத்துக் கொடுத்தவர். அந்த மகன் லொஸ் ஏஞ்சல்ஸ் அணியோடு 2012இலும் 2014இலும் என்.எச்.எல். வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லிக் கிண்ணத்தைத் தூக்கினார்.

இனி ஊருக்கு வருகிறேன். மட்டக்களப்பில் கூடைப்பந்தாட்டம் எப்படி வந்தது என்று உங்களில் புனித மிக்கேல் கல்லூரியில் படித்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மீன் பிடிக்கும், வயல் செய்யும் இந்த மண்ணில் அந்த விளையாட்டுக்கு எந்தப் பரம்பரையும் இருக்கவில்லை. அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பகுதியிலிருந்து இயேசு சபைத் துறவிகள் வந்தார்கள். திடல் அமைத்தார்கள், வளையம் மாட்டினார்கள், மாலையானால் தாங்களே வந்து நின்று பழக்கினார்கள். வெபர் அடிகளாரின் பெயரில்தான் நகரத்து மைதானம் இன்றும் இருக்கிறது. மாணவர்களுக்குக் கூடைப்பந்து பழக்கிய ஹேபர்ட் அடிகளார் 1990 ஆகஸ்ட் மாதம் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமற்போனார்; இன்றுவரை திரும்பவில்லை. போர் நடந்த காலத்திலும் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் கூடைப்பந்தில் நாட்டின் பெரிய பள்ளிகளுக்கு ஈடுகொடுத்தார்கள் என்றால் அதற்கு உயரமோ உடல்வாகோ காரணம் இல்லை. திடல் பள்ளிக்கூடத்துக்குள் இருந்தது. பழக்குகிறவர் ஊரிலேயே வாழ்ந்தார். இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் வீரர்கள் வந்தார்கள், அவ்வளவுதான்.

எங்கள் பிள்ளைகளுக்கு உடல்வாகு போதாது, ஆகவே இருக்கிற சிலரைப் பொறுக்கியெடுத்துத்தான் ஆக வேண்டும் என்று அதே கூட்டத்தில் இன்னொருவர் சொன்னாராம். யார் என்று எனக்குத் தெரியும்; அவருடைய மரியாதைக்காகப் பெயரைச் சொல்லவில்லை. நீங்கள் எந்த வயதில், எப்படிப் பொறுக்கப் போகிறீர்கள் என்பதைத்தான் நான் கேட்கிறேன். ஜனவரி முதலாம் திகதியை வைத்து வயதைக் கணக்கிடப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். கனடாவின் சிறுவர் ஹொக்கியிலும் அதே திகதிதான். அதன் விளைவை அந்த நாட்டவரே கண்டுபிடித்தார்கள். அல்பேர்ட்டாவின் லெத்பிரிட்ஜ் நகரில் ஒரு போட்டிக்குப் போயிருந்த ரொஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளரும் அவருடைய மனைவியும் நிகழ்ச்சி நிரலில் வீரர்களின் பிறந்த திகதிகளைப் பார்த்து வியந்தார்கள். ஜனவரி, பெப்ரவரி, மார்ச் மாதப் பிள்ளைகளே பெருமளவில் இருந்தார்கள். 1985இல் அது ஆய்வாக வெளிவந்தது. பத்து வயதில் ஜனவரிப் பிள்ளைக்கும் டிசம்பர்ப் பிள்ளைக்கும் ஏறக்குறைய ஒரு வருட வளர்த்தி வித்தியாசம் இருக்கிறது. பெரிய பிள்ளையைத் திறமைசாலி என்று எடுக்கிறார்கள். எடுத்த பிள்ளைக்கு நல்ல பயிற்சி, கூடுதல் ஆட்டங்கள். விடப்பட்ட பிள்ளை தன்னால் முடியாது என்று நம்பிவிடுகிறது. ஆண்டுகள் போனபின் தேர்வு சரியாகத்தான் இருந்தது என்று எல்லோரும் திருப்தியடைகிறார்கள்.

2013இல் வந்த இன்னொரு ஆய்வு இதைவிடக் கடுமையானது. 1980 முதல் 2007 வரை என்.எச்.எல். அணிகள் தெரிவு செய்த கனேடிய வீரர்களை எடுத்துப் பார்த்தபோது, ஆண்டின் பிற்பகுதியில் பிறந்தவர்கள் தாங்கள் தெரிவான இடத்தை வைத்து எதிர்பார்க்கப்பட்டதைவிடக் கூடுதலாகச் சாதித்திருந்தார்கள். பணம் கொட்டித் திறமை தேடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள், பதினெட்டு வயது இளைஞர்களைப் பார்த்தே இப்படித் தவறவிட்டிருக்கிறார்கள். நீங்கள் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளை ஒரே நாளில் பார்த்து முடிவு செய்யப் போகிறீர்கள். ஓர்ன்ஷோல்ட்ஸ்விக்கின் அந்த ஐந்து பேரையும் திரும்ப நினைத்துப் பாருங்கள். ஃபோர்ஸ்பெர்க்கும் நெஸ்லுண்டும் ஜூலையில் பிறந்தவர்கள். செடின் இரட்டையர் செப்டெம்பர். ஹெட்மன் டிசம்பர். ஒருவர்கூட ஆண்டின் முற்பாதிக்காரர் இல்லை. கிரெட்ஸ்கி ஜனவரிக்காரர் என்பதை மறைக்கவில்லை. திறமை எல்லா மாதத்திலும் பிறக்கிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் மைதானத்திலேயே இதைக் கண்டேன். மார்கழியில் பிறந்த ஒரு பிள்ளை. கரப்பந்தாட்ட வலைக்குக் கீழே நின்றால் வலை எங்கோ வானத்தில் இருக்கும். அணியில் இடம் கிடையாது. ஆனாலும் தினமும் வந்தான், ஏனென்றால் மைதானத்துக்குக் கதவும் இல்லை, கட்டணமும் இல்லை. பெரியவர்கள் அடித்துவிட்டுப் போகும் பந்தைப் பொறுக்கிக் கொடுத்தான். ஓர் ஆள் குறைந்தால் சேர்த்துக்கொண்டார்கள். பதினாறு வயதில் ஒரே மழைக்காலத்துக்குள் ஆள் வளர்ந்தான். சிறுவயதில் பொறுக்கியெடுத்த பந்துகளால் அவனுக்குப் பந்து எங்கே விழும் என்பது கண்ணை மூடினாலும் தெரிந்தது. மாகாண மட்டம் வரை ஆடினான். உங்கள் புதிய நிலையம் அப்போது இருந்திருந்தால் பதினொரு வயதில் அவனைத் திருப்பி அனுப்பியிருக்கும். இங்கேயோ மைதானமும் பாதியாகியிருக்கும். அவன் எங்கே போய் வளர்ந்திருப்பான்?

தூரத்தைப் பற்றி உங்கள் தீர்மானத்தில் ஒரு வரிகூட இல்லை. அதுதான் என்னை மிகவும் வருத்தியது, ஏனென்றால் நீங்கள் எல்லோரும் இந்தப் பாதையால் போய்ப் படித்தவர்கள். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்டது உண்மை. அதற்கு முன் பாதை என்று நாம் சொல்லும் மிதவைப் படகு வரும்வரை துறையில் காத்துக் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆனால் பாலத்துக்கு வந்து சேரவேண்டுமே. பள்ளி முடிந்து வீடு வந்து, சாப்பிட்டு, அந்தப்பக்கம் போக பஸ் இல்லை. துவிச்சக்கர வண்டியில் போனால் பயிற்சி முடிந்து திரும்பும்போது இருட்டிவிடும். இருட்டியபின் வாவியின் மேற்குக் கரையான எங்கள் படுவான்கரை வீதிகளில் என்ன நிற்கும் என்று நான் சொல்ல வேண்டுமா? யானை வந்து வேலியை உடைத்த, ஆளை அடித்த செய்தி இல்லாத மாதம் இல்லை. பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளையை அந்த நேரத்தில் எந்தத் தாய் அனுப்புவாள்? ஊர் மைதானத்தில் இப்போது மாலையில் பெண்பிள்ளைகளின் ஒரு கூட்டமே எல்லே என்ற மட்டைப்பந்து விளையாட்டு ஆடுகிறது. தாய்மார் வேலியோரம் நின்று கதைத்துக்கொண்டே பார்த்திருக்கிறார்கள். வாவியைக் கடந்தால் அவர்களில் ஒருத்தியும் வரமாட்டாள். உங்கள் முப்பது பேரில் எங்கள் ஊரிலிருந்து எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தீர்களா? மோட்டார் சைக்கிளும், ஏற்றி இறக்க நேரமும் உள்ள தகப்பன்மாரின் பிள்ளைகள் மட்டுமே இருப்பார்கள்.

கட்டணம் சிறியது என்கிறீர்கள். வேளாண்மை வெட்டி நெல் விற்கும் மாதத்தில் அது சிறியதுதான். விதைப்பு மாதத்தில் அடகுக் கடைக்குப் போகிற வீட்டில் அது சிறியதில்லை. இந்தப் பாடத்தையும் நான் அங்கேயே கற்றேன். கனடாவில் இன்று உயர்மட்டச் சிறுவர் அணியில் ஒரு பிள்ளையை ஆடவிட வருடத்துக்கு ஆயிரக்கணக்கான டொலர் வேண்டும். சப்பாத்து, கவசம், மட்டை, பயணம், கோடைகால முகாம் என்று முடிவே இல்லை. நான் வேலை செய்த அரங்குக்கு வந்த பிள்ளைகளில் காணாமற்போனவர்கள் ஆட்டம் வராதவர்கள் அல்லர். பெற்றோரின் வேலை போனவர்கள், இரண்டாவது பிள்ளையும் பெரியவனாகிவிட்டவர்கள். உங்களில் ஒருவரின் மகனும் அப்படித்தான் நின்றான். அந்த வேதனையை அவர் என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார். அங்கே பலர் கவலையோடு பேசும் ஒரு குறையை நீங்கள் அங்கிருந்து பொதிகட்டி எங்களுக்கு அனுப்புகிறீர்கள்.

அனுப்ப வேண்டியது வேறு. அமெரிக்காவின் மினசோட்டாவில், கனடா எல்லையோரம் வோரோட் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. இரண்டாயிரம் பேர்கூட இல்லை. 1960இல் அமெரிக்கா ஒலிம்பிக் ஹொக்கியில் தங்கம் வென்றபோது அந்த ஊரின் பில் கிறிஸ்டியனும் ரொஜர் கிறிஸ்டியனும் அணியில் இருந்தார்கள். மறுபடி 1980இல் வென்றபோது பில்லின் மகன் டேவ் இருந்தார். ஜன்னல் செய்யும் பெரிய தொழிற்சாலை ஒன்று அந்த ஊரில் இருக்கிறது. ஊரின் பனித்தளத்துக்கு அந்தக் குடும்பத்தின் பணமும் போயிருக்கிறது. வசதியுள்ளவர்கள் கொடுத்தார்கள், ஊருக்குள்ளே கட்டினார்கள், பிள்ளைகள் நடந்து போகக்கூடிய இடத்தில் கட்டினார்கள். ஒன்றியம் செய்யவேண்டியது இதுதான் என்று நான் நினைக்கிறேன். உண்மையில் இத்தனை வருடமும் நீங்கள் செய்துவந்ததும் இதுவேதான். புல் வெட்டும் இயந்திரம் நீங்கள் கொடுத்தது. இரண்டு மின்விளக்குக் கம்பங்களும் நீங்கள் நட்டவை. பயிற்றுநருக்குப் பெற்றோல் காசும், பிள்ளைகளுக்கு அவித்த கடலையும் உங்கள் சந்தாவில் வந்தவை. அதன் அருமையை நீங்கள் அறியாமல் இருப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

மண்டபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கலியாணத்துக்கும் கூட்டத்துக்கும் ஊருக்கு மண்டபம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வடக்குப் பாதியை எடுத்தால் மிஞ்சுவதில் உதைபந்தாட்டம் ஆட முடியாது, நூறு மீற்றர் ஓட முடியாது. அந்தப் பாதிதான் மைதானத்தின் மேட்டு நிலம். 2011 தை மாத வெள்ளத்தில் ஊரின் மாடுகளைக் கட்டியதும், அடுப்பு மூட்டிச் சமைத்ததும் அங்கேதான். வருடத்தில் இரண்டு வாரம் வந்து தங்குகிறவர்களுக்கு அறை கட்ட வேறு காணி இருக்கிறது. பாடசாலைக்குப் பின்னாலுள்ள வெறுங்காணியைக் கொடுக்க உரிமையாளர் விருப்பம் தெரிவித்திருக்கிறார்; அவரிடம் இதுவரை யாரும் போய்க் கேட்கவில்லை.

ஆகவே ஒன்றியத்திடம் நான் கேட்பவை இவை. மைதானத்தில் அடித்த முளைகளைப் பிடுங்கச் சொல்லுங்கள். ஊர்க் கூட்டம் கூடி முடிவெடுக்கும்வரை அங்கே ஒரு கல்லும் விழக்கூடாது. அந்தக் கூட்டத்துக்கு உங்களில் இருவராவது இணையவழியில் வந்து, தாய்மாரின் கேள்விகளுக்கு நேரடியாகப் பதில் சொல்லுங்கள். பராமரிப்புப் பணத்தைத் தை மாதத்துக்குப் பிறகும் தொடருங்கள். எழுவான்கரையில் பயிற்சி நிலையம் அமைப்பதானால் அமையுங்கள், ஆனால் ஊர் மைதானங்களில் ஆடி வளர்ந்த பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் மேலே போகும் இடமாக அது இருக்கட்டும். அதற்குக் கீழே தெரிவு என்ற பேச்சே வேண்டாம். வருகிற பிள்ளை எல்லாம் ஆடட்டும். மேலே போகிற பிள்ளைக்குக் கட்டணம் வேண்டாம். இருட்டுமுன் வீடு கொண்டுவந்து விட ஒரு வாகனம் வேண்டும். பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு பெண் பயிற்றுநரை ஊரிலேயே நியமியுங்கள். பழக்குவதற்கு ஆயத்தமாக இருவர் இருக்கிறார்கள், அவர்களின் விபரத்தைச் செயலாளர் அனுப்புவார். நிலையத்துக்கென ஒதுக்கிய தொகையில் மிச்சம் இருந்தால், மைதானமே இல்லாத பக்கத்து இரண்டு கிராமங்களுக்கும் ஒரு வலையும் ஒரு சமன்படுத்திய நிலமும் கொடுங்கள்.

உங்கள் பதிலை இந்த மாத முடிவுக்குள் எழுத்தில், கழகத்தின் முகவரிக்கு அனுப்புங்கள். கூட்டத்தில் அதை வரிக்கு வரி வாசிப்போம். வடக்குப் பக்கத்து வடிகால் தூர்ந்து கிடக்கிறது. கார்த்திகை மழைக்கு முன் அதை வெட்டாவிட்டால் மாசி வரை மைதானத்தில் தண்ணீர் நிற்கும். அதற்கு ஏற்கெனவே ஒப்புக்கொண்ட தொகையையாவது தாமதிக்காமல் விடுவியுங்கள்.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து,
மாலைகளில் பிள்ளைகளுக்குப் பந்து பழக்கும் உங்கள் ஊரவன்